இரும்பை வெட்டும் வேகத்தை எழுதி வைத்தவர்

கண்டி மலைநாட்டில் டெய்லர் என்ற பெயரைச் சொன்னால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் ஜேம்ஸ் டெய்லர்தான். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்ட ஸ்கொட்லாந்துக்காரர் அவர். பாடப்புத்தகங்களில் அவருக்கு இடமுண்டு. ஆனால் இம்மலைகளை ஒருபோதும் கண்டிராத இன்னொரு டெய்லரும் உண்டு. நம் இளைஞர்களின் அன்றாடத் தொழிலோடு இன்று அவர் கொண்டுள்ள தொடர்பு அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்கரான பிரெட்ரிக் வின்ஸ்லோ டெய்லர் என்பவரே அவர்.

தெல்தெனியவைக் கடந்து மஹியங்கனை வீதியில் ஏறிச் செல்லும்போது வரும் ஹுன்னஸ்கிரிய, நக்கிள்ஸ் மலைத்தொடரின் வாயிற்படியில் அமைந்த சிற்றூர். சுற்றிலும் தேயிலை மலைகள். அங்குள்ள தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் தொழிலைத் தொடரும் விருப்பம் குறைந்து பல காலமாகிறது. சிலர் கடையில் நிற்கிறார்கள், சிலர் கொழும்புக்குப் போகிறார்கள். வேறு சிலர் தொழிற்பயிற்சி நிலையங்களில் கடைசல் வேலை பயின்று, கணினியால் இயங்கும் சீ.என்.சி. இயந்திரங்களின் முன்னால் நிற்கிறார்கள். அத்தகைய இளைஞன் ஒருவன் வடிவமைப்பு மென்பொருளில் உலோகத்தின் வகையையும் வெட்டுக்கருவியின் பெயரையும் தெரிவு செய்தவுடன், நிமிடத்துக்கு இத்தனை சுற்று, இத்தனை மில்லிமீற்றர் முன்னேற்றம் என்று திரையில் எண்கள் தோன்றும். அந்த எண்களை அங்கே வைத்தது யார் என்று அவன் கேட்பதில்லை. கேட்டால் விடை 1880 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் தொடங்குகிறது.

டெய்லர் 1856 மார்ச் 20 ஆம் திகதி பிலடெல்பியாவின் ஜேர்மன்டவுன் பகுதியில் செல்வம் மிக்க குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை சட்டம் பயின்றவர். தாயார் அடிமை முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர். இளமையில் குடும்பத்தோடு ஐரோப்பாவில் சில ஆண்டுகள் கழித்த டெய்லர், புகழ்பெற்ற பிலிப்ஸ் எக்சிற்றர் பாடசாலையில் பயின்று ஹார்வர்ட் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும் சிறப்பாகத் தேறினார். தந்தையைப் போல் சட்டத்தரணியாவார் என்றே குடும்பம் எதிர்பார்த்தது. கண் பார்வை மங்கியதால் படிப்பைக் கைவிட நேர்ந்தது. 1874 இல் அவர் தேர்ந்தெடுத்த வழி, அக்கால மேல்தட்டுக் குடும்பங்களில் எவரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. நீரிறைக்கும் பம்பிகள் செய்யும் சிறிய தொழிற்சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். வார்ப்பு அச்சு செய்வதையும் கடைசல் வேலையையும் நான்கு ஆண்டுகள் கற்றார்.

1878 இல் மிட்வேல் உருக்குத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தவர், ஆறே ஆண்டுகளில் அதன் பிரதம பொறியியலாளரானார். உறவும் பழக்கமும் அவருக்குக் கைகொடுத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் உழைப்பும் அதற்குக் குறைந்ததன்று. வேலையை விடாமலே ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1883 இல் பொறியியல் பட்டம் பெற்றார். இவற்றுக்கிடையே 1881 இல் அமெரிக்க தேசிய டென்னிஸ் இரட்டையர் போட்டியில் வெற்றியும் பெற்றார் என்பது வேடிக்கையான செய்தி.

மிட்வேலில் கடைசல் பட்டறையின் குழுத் தலைவராக, நம் வழக்கில் சொன்னால் கங்காணியாக, அவர் நியமிக்கப்பட்டதும் சிக்கல் ஆரம்பமாயிற்று. தொழிலாளர்கள் தம்மால் இயன்ற அளவில் மூன்றிலொரு பங்குதான் செய்கிறார்கள் என்பது அவரது கணிப்பு. அவரும் அவர்களில் ஒருவராக நின்று அதே அளவே செய்தவர்தான். காரணமும் அவருக்குத் தெரியும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டிருந்தது. ஒருவர் அதிகமாகச் செய்து அதிகக் கூலி பெற்றால், முதலாளி துண்டுக்கான கூலியைக் குறைத்து விடுவார். பிறகு கூடிய வேலைக்குப் பழைய கூலிதான் மிஞ்சும். எனவே எல்லோரும் பேசி வைத்தாற்போல் வேகத்தை அடக்கி வைத்திருந்தார்கள். இதில் பிழை காண முடியாது. ஆனால் கங்காணியான டெய்லர் நிர்வாகத்தின் பக்கம் நின்றார். கூலி வெட்டினார், தண்டம் விதித்தார், புதியவர்களைப் பழக்கினார். இயந்திரங்கள் அடிக்கடி உடைந்தன. இந்த மோதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது. முடிவில் வென்றவர் டெய்லர். ஆனால் வென்றவருக்கும் நிம்மதி இல்லை.

ஏனெனில் ஒரு கேள்விக்கு அவரிடமும் விடை இருக்கவில்லை. ஓர் இரும்புத் துண்டை ஓர் இயந்திரத்தில் உண்மையில் எவ்வளவு வேகமாக வெட்ட முடியும்? கைப்பழக்கத்தால் தொழிலாளிக்குத் தெரியும், அவன் சொல்ல மாட்டான். நிர்வாகத்துக்குத் தெரியாது, தெரிந்தது போல் நடிக்கும். இந்த அறியாமையே சண்டையின் வேர் என்று டெய்லர் கருதினார். நிறுவனத் தலைவரான வில்லியம் செல்லர்ஸின் அனுமதியோடு 1880 இல் பரிசோதனையைத் தொடங்கினார். ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று எண்ணியது, 26 ஆண்டுகள் நீண்டது.

புகையிரத இயந்திரங்களின் சக்கரங்களுக்கு மாட்டும் கடினமான உருக்கு வளையங்களே பரிசோதனைப் பொருள். 66 அங்குல விட்டமுள்ள பெரிய கடைசல் இயந்திரம் ஒன்று இதற்கெனக் கிடைத்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து, கருவி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று குறித்துக்கொள்வதே முறை. கருவியின் முனை கூர்மையாக இருப்பதை விட வளைவாக இருப்பதே நல்லது என்பது முதலிற் கண்டவற்றுள் ஒன்று. வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் வேகத்தை 40 சதவீதம் வரை கூட்டலாம் என்பது இன்னொன்று. இன்று எந்தப் பட்டறையிலும் பாற்போன்ற குளிர்நீர் கொட்டுவதைக் காண்கிறோமே, அதற்குக் கணக்குக் காட்டியவர் அவர்தான்.

வெட்டு வேகம் என்பது என்ன? இயந்திரம் சுற்றும் எண்ணிக்கை அன்று. உலோகத்தின் மேற்பரப்பு கருவியின் முனையைக் கடந்து செல்லும் வேகமே அது. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள மென்னுருக்குத் தண்டை நிமிடத்துக்கு 30 மீற்றர் வேகத்தில் கடைய வேண்டுமாயின், இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 தடவை சுற்ற வேண்டும். தண்டு 25 மில்லிமீற்றர் ஆனால் 380 தடவை. கணக்கு எளிது. அந்த 30 மீற்றர் எங்கிருந்து வருகிறது என்பதே கடினமான கேள்வி.

டெய்லர் கண்ட விடை, இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் கருவி ஆயுள் சமன்பாடு. வேகம் கூடக் கூடக் கருவியின் ஆயுள் குறையும் என்பது யாருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பதை அவர் எண்ணாகச் சொன்னார். அவரது கருவிகளில் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். வேகத்தை எட்டு, ஒன்பது சதவீதம் குறைத்தால் ஆயுள் இரட்டிப்பாகும். இன்று பயன்படும் கார்பைட் கருவிகளில் இது சற்று மென்மையானது. பத்து சதவீதம் வேகம் கூடினால் ஆயுளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போகும். ஆகவே மிக வேகமாக ஓட்டுவதும் நட்டம், மிக மெதுவாக ஓட்டுவதும் நட்டம். கருவியை மாற்றும் நேரம், கருவியின் விலை, இயந்திரத்தின் மணிக்கூலி ஆகிய மூன்றையும் நிறுத்துப் பார்த்தால் நடுவே ஓரிடத்தில் சிக்கனமான வேகம் இருக்கிறது. அதற்கு முன் இது ஒவ்வொரு கைவினைஞரின் காதிலும் மூக்கிலும் இருந்த அறிவு. கீச்சென்ற ஒலி, சீவலின் நிறம், எண்ணெய் தீய்ந்த வாசனை ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் முடிவு செய்தார்கள். டெய்லர் அதைத் தாளுக்குக் கொண்டுவந்தார்.

1890 இல் மிட்வேலை விட்டு விலகிய பின் மூன்று ஆண்டுகள் கடதாசி ஆலை நிறுவனமொன்றை நிர்வகித்தார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. பின்னர் ஆலோசகராகப் பல தொழிற்சாலைகளுக்குச் சென்றார். 1898 இல் பென்சில்வேனியாவின் பெத்லஹேம் உருக்குத் தொழிற்சாலை அவரை அழைத்தது.

அங்கேதான் அவரது வாழ்வின் மிகப் பெரிய தொழில்நுட்பக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அக்காலத்துக் கருவி உருக்கைச் செந்நிறத்துக்கு மேல் சூடாக்கினால் கெட்டுவிடும் என்பது கொல்லர் பரம்பரையின் உறுதியான நம்பிக்கை. டெய்லரும் உலோகவியலாளர் மோன்செல் வைற்றும் அந்த எல்லைக்கு மேலும் படிப்படியாகச் சூடாக்கிப் பார்த்தார்கள். முதலில் கருவி கெட்டது, கொல்லர் சொன்னது சரிதான். ஆனால் டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த உருக்கை இன்னும் மேலே, உருகுநிலைக்கு அண்மை வரை கொண்டு சென்றபோது, கெட்டது மீண்டும் நல்லதாகி, முன்பிருந்ததையும் விஞ்சியது. முனை செங்கனலாய் ஒளிரும்போதும் அது மழுங்காமல் வெட்டியது. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் இதை இயக்கிக் காட்டியபோது ஐரோப்பியப் பொறியியலாளர்கள் வியந்து நின்றார்கள். வெட்டு வேகம் இரு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை கூடியது. அதிவேக உருக்கு என்ற பெயர் அப்படித்தான் வந்தது. நம்மூர் இரும்புக்கடையில் துளையிடும் அலகு வாங்கும்போது அதன் தண்டில் பொறிக்கப்பட்டிருக்கும் எச்.எஸ்.எஸ். என்ற மூன்றெழுத்தும் அதையே குறிக்கிறது. இதன் காப்புரிமை 1909 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் செல்லாததாயிற்று.

கருவி கிடைத்துவிட்டது, கணக்குத்தான் மலைபோல் நின்றது. வெட்டு வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் பன்னிரண்டு என்று டெய்லர் வகுத்திருந்தார். உலோகத்தின் கடினம், கருவியின் சேர்க்கையும் வடிவமும், வெட்டின் ஆழம், சீவலின் தடிப்பு, குளிர்நீர், வேலைப்பொருளின் விட்டம், அதிர்வு, இயந்திரத்தின் இழுவலு என்று பட்டியல் நீள்கிறது. கணித அறிஞர்கள் சிலர் இதைத் தீர்க்க இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள். நோர்வேயில் பிறந்த கார்ல் பார்த் என்ற கணிதத் திறமையாளர் 1899 இல் பெத்லஹேமுக்கு வந்தபின் வழி பிறந்தது. பன்னிரண்டு காரணிகளையும் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் அளவுச் சட்டங்களாக அவர் ஆக்கினார். ஸ்லைட் ரூல் எனப்படும் அந்தச் சட்டத்தை நகர்த்தினால் அரை நிமிடத்துக்குள் வேகமும் முன்னேற்றமும் கிடைத்துவிடும்.

இதோடு சேர்ந்தே டெய்லர் செய்த இன்னொரு காரியம், நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அதுவரை ஒவ்வொரு தொழிலாளியும் தன் கருவியைத் தானே சாணை பிடித்துத் தன் பெட்டியிலேயே பூட்டி வைத்துக்கொள்வது வழக்கம். ஒருவரது கருவி மற்றவருடையது போல் இராது. டெய்லர் அவற்றையெல்லாம் ஒரு கருவி அறைக்குக் கொண்டுவந்தார். வடிவங்களை ஒழுங்குபடுத்தி, குறியீட்டுப் பெயரிட்டு, ஒரே கோணத்தில் இயந்திரத்தால் சாணை பிடித்து, அட்டை எழுதித் தேவைப்படும்போது வழங்கச் செய்தார். வேகத்தையும் கருவியையும் திட்டமிடும் அறை தீர்மானித்து, அறிவுறுத்தல் அட்டையாகத் தொழிலாளியிடம் அனுப்பியது. 1906 டிசம்பரில், அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, உலோகம் வெட்டும் கலை பற்றிய தம் நீண்ட ஆய்வை அவர் வெளியிட்டார். 30,000 முதல் 50,000 வரையான பரிசோதனைகள் பதிவாகியிருந்தன. சீவலாக்கப்பட்ட இரும்பும் உருக்கும் எட்டு இலட்சம் இறாத்தலுக்கு மேல்.

இன்றைய மென்பொருளில் கருவி நூலகம் என்று சொல்லப்படுவது அந்த அறையும் அந்த அட்டையும் அந்த அளவுச் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த வடிவமே. மாஸ்டர்காம், பியூஷன் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவு இருக்கும். இலக்கம், விட்டம், வெட்டும் பற்களின் எண்ணிக்கை, பிடியிலிருந்து வெளியே நீண்டிருக்கும் நீளம், எந்த உலோகத்துக்கு எந்த வேகம், ஒரு பல்லுக்கு எவ்வளவு முன்னேற்றம் என்பன அதில் அடங்கும். கருவி உற்பத்தியாளர்கள் தரவுகளைப் பரிமாறிக்கொள்ள ஐ.எஸ்.ஓ. 13399 என்ற சர்வதேச நியமமும் உண்டு. உருக்கு, துருப்பிடியா உருக்கு, வார்ப்பிரும்பு, செம்பும் அலுமினியமும், வெப்பந்தாங்கும் கலப்புலோகம், கடினமாக்கிய உருக்கு என ஆறு வகையாக உலோகங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. வசதி மிகப் பெரியது. ஆனால் வசதியோடு சில ஆபத்துகளும் வந்துள்ளன.

விற்பனையாளரின் பட்டியலில் உள்ள வேகம், கட்டுறுதியான புதிய இயந்திரத்தில், குறுகிய பிடியில், குறையாத குளிர்நீரில் பெறப்பட்டது. கண்டியிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு பட்டறையில், பலர் கைமாறி வந்த இயந்திரத்தில் அதே எண்ணை அப்படியே இட்டால் கருவி உடையும். நூலகத்தில் 30 மில்லிமீற்றர் நீளம் என்று எழுதியிருக்க, அவசரத்தில் 60 மில்லிமீற்றர் வெளியே நீட்டிப் பிடித்தால் கருவி வளையும் அளவு இரு மடங்கன்று, எட்டு மடங்கு. மென்பொருளில் ஐந்தாம் இலக்கம் துளையிடும் அலகாகவும், இயந்திரத்தின் ஐந்தாம் அறையில் வேறொரு கருவியாகவும் இருந்துவிட்டால், நட்டம் கருவியோடு நிற்காது. ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் நூலகத்தின் பிரதியொன்றை வைத்துக்கொண்டு தனித்தனியே திருத்தினால், டெய்லர் காலத்துக்கு முந்திய பூட்டிய பெட்டிகளுக்கே திரும்பிவிடுகிறோம்.

இவற்றையெல்லாம் விடக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இயந்திரத்தின் முன் நிற்பவனின் கையருகே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகி இருக்கிறது. திரையில் வந்த எண் பொருந்தாதபோது, ஒலியைக் கேட்டு அவன் அதை 70 சதவீதத்துக்குத் திருப்பி வைக்கிறான். வேலை நன்றாக முடிகிறது. மறுநாளும் அதே வேலை, அதே திருப்பல். அந்த 70 சதவீதம் ஓர் உண்மையான அளவீடு. 1880 இல் டெய்லர் தேடியது அதைத்தான். ஆனால் பல இடங்களில் நூலகத்தைத் திருத்தும் அனுமதி அலுவலக அறையில் இருப்பவருக்கு மட்டுமே உண்டு. திருகியில் உள்ள அறிவு எழுதப்படாமலே போகிறது, அவன் வேலை மாறிச் செல்லும்போது அதுவும் கூடவே போகிறது. மொறட்டுவையிலும் கிளிநொச்சியிலும் உள்ள ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையங்களிலும், பேராதனைப் பொறியியல் பீடத்திலும் பயின்று வருவோர் பட்டறைகளில் பொறுப்பேற்கும்போது, முதலிற் செய்யக்கூடிய செலவில்லாத சீர்திருத்தம் இதுவே. ஒரு வேலை முடிந்ததும் உண்மையில் ஓடிய வேகத்தை நூலகத்தில் சேர்க்கும் வழியை இயந்திரத்தின் முன் நிற்பவனுக்குத் திறந்து விட வேண்டும்.

டெய்லரின் முறையில் அட்டைகள் ஒரு திசையில்தான் சென்றன. சிந்திப்பது ஓர் அறையின் வேலை, செய்வது மற்றோர் அறையின் வேலை என்று அவர் பிரித்தார். இரும்பைப் பொறுத்தவரை அதற்கு 26 ஆண்டு அளவீடு ஆதாரமாக இருந்தது. மனிதர்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு.

1899 இல் பெத்லஹேம் முற்றத்தில் வார்ப்பிரும்புக் கட்டிகளைப் புகையிரதப் பெட்டிகளில் ஏற்றும் வேலை நடந்தது. ஒரு கட்டி 92 இறாத்தல். ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் பன்னிரண்டரைத் தொன் ஏற்றி வந்தார். நாற்பத்தேழரைத் தொன் ஏற்ற முடியும் என்று டெய்லர் நிர்ணயித்தார். ஹென்றி நோல் என்ற தொழிலாளி அதைச் செய்து காட்டினார், அவரது நாட்கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்தது. ஷ்மிட் என்ற மாற்றுப் பெயரோடு இக்கதை 1911 இல் வெளியான டெய்லரின் விஞ்ஞான முகாமைத்துவ நூலில் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த நிர்ணயம் எப்படி வந்தது? வலுவான சிலரைச் சிறிது நேரம் மிக விரைவாக வேலை செய்ய வைத்து, அதை முழு நாளுக்கும் பெருக்கி 75 தொன் என்று கண்டு, ஓய்வுக்காக 40 சதவீதம் கழித்ததே அதன் அடிப்படை என்று 1974 இல் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைக் கொண்டு காட்டினர். ஏன் 40 என்பதற்கு அளவீடு இல்லை. இரும்புக்கு ஐம்பதினாயிரம் பரிசோதனை வரை செய்தவர், மனித முதுகெலும்புக்கு ஒரு மதிப்பீட்டோடு அமைந்துவிட்டார்.

ஹுன்னஸ்கிரிய மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இது புதுக்கதையன்று. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற அளவும், குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கும் டெய்லரிடமிருந்து வந்தவையல்ல. அளவு வேலை கோப்பிக் காலத்திலேயே மலையேறிவிட்டது. 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபின், பறிக்க வேண்டிய கிலோ எவ்வளவு என்பதே பல தோட்டங்களில் தகராறானது. 18 கிலோ என்றார்கள், 20 கிலோ என்றார்கள். கவ்வாத்து வெட்டி எத்தனையாவது ஆண்டு, விதைத் தேயிலையா வீ.பி. தேயிலையா, மழைக்காலமா வரட்சியா, சரிவு எவ்வளவு, நிறுக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம், ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று எவ்வளவு கழிக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால் அங்கும் காரணிகள் பன்னிரண்டுக்குக் குறையா. ஓர் இரும்புத் தண்டைக் கடைவதற்கு முன் இவ்வளவையும் கேட்கும் மென்பொருள் நம்மிடம் இருக்கிறது. மலைக்கு வந்து சேரும் எண் மட்டும் ஒன்றே ஒன்று. அதை நிர்ணயிக்கும் மேசையில் பறிப்பவள் அமர்ந்திருப்பதில்லை.

டெய்லர் 1901 இல் பெத்லஹேமிலிருந்து விலக்கப்பட்டார். நிர்வாகத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அதன்பின் கூலிக்கு வேலை செய்யத் தேவையில்லாத அளவுக்கு வசதி இருந்ததால், பிலடெல்பியாவில் வீடமைத்துத் தம் முறையைப் பரப்புவதில் ஈடுபட்டார். பிள்ளைகள் இல்லாத அவரும் மனைவி லூயிஸும் பெற்றோரை இழந்த மூன்று குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர். பார்வையாளர்கள் வந்த வண்ணம் இருந்தனர். அவரது புகழ் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் பரவியது. ரஷ்யாவில் லெனின் முதலில் அவரது முறையைக் கடுமையாகச் சாடி, 1918 இல் அதைக் கற்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

1911 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வோட்டர்டவுன் இராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த நிகழ்வு நம் பொருளைத் தெளிவாக விளக்குகிறது. 1909 முதல் கார்ல் பார்த் அங்குள்ள கடைசல் பட்டறையில் அதிவேக உருக்கையும் அளவுச் சட்டத்தையும் கொண்டுவந்து வேகங்களைத் திருத்தி வந்தார். அது வேலைநிறுத்தம் வரை போகவில்லை. வார்ப்பகத்தில் நிறுத்தற் கடிகாரத்தோடு ஒருவர் வந்து தொழிலாளரின் அசைவுகளை நேரம் பார்க்கத் தொடங்கியதும் ஒரு வார்ப்புத் தொழிலாளி மறுத்தார். அவர் நீக்கப்பட்டார், மற்றவர்கள் வெளியேறினார்கள். வார்ப்பு வேலையை அறியாத ஒருவர் அதற்கு நேரம் குறிப்பதா என்பது அவர்களது முறையீடுகளில் ஒன்று. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழு அமைத்தது. 1912 ஜனவரியில் டெய்லர் அதன்முன் பல நாட்கள் சாட்சியமளித்தார். கேள்விகள் கூர்மையாக இருந்தன, அவரது பதில்கள் சில வேளைகளில் கோபமாகவே வந்தன. தம் முறை தொழிலாளருக்கும் முதலாளிக்கும் பொதுநன்மை தருவது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையைச் சந்தேகிக்கக் காரணமில்லை. தொழிலாளர் தம்மை ஏன் வெறுக்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

இராணுவத் தொழிற்சாலைகளில் நிறுத்தற் கடிகாரத்தால் தொழிலாளரை நேரம் பார்ப்பதற்கு நிதி வழங்குவதைத் தடுக்கும் விதி 1915 மார்ச் மாத ஆரம்பத்தில் சட்டமானது. அதே மாதம் சுவாச நோயால் டெய்லர் படுத்த படுக்கையானார். மார்ச் 21 ஆம் திகதி, ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள், நியூமோனியாவால் பிலடெல்பியாவில் காலமானார்.

அவருக்குப் பின் கருவிகள் மாறின. 1920களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் குரூப் நிறுவனம் கார்பைட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்களால் இயக்கப்படும் இயந்திரம் 1952 இல் அமெரிக்காவில் காட்சிப்படுத்தப்பட்டது. வெட்டு வேகத் தரவுகளைத் தொகுத்த பெரிய கைந்நூல் 1966 இல் அங்கு வெளிவந்தது, பின்னர் அத்தகைய அட்டவணைகள் மென்பொருளுக்குள் சென்றன. சமன்பாட்டின் எண்கள் மாறினாலும் அதன் வடிவம் இன்றும் அதுவேதான்.

டெய்லரின் ஆவணங்கள் அவர் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸ் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டுள்ளன. பிலடெல்பியாவுக்கு வெளியே வெஸ்ட் லோரல் ஹில் மயானத்தில் உள்ள அவரது கல்லறை, விஞ்ஞான முகாமைத்துவத்தின் தந்தை என்று அவரைக் குறிப்பிடுகிறது. இரும்பு வெட்டியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.